ஜனாதிபதிக்கு நீ கையெழுத்து வைத்த தாள்

காலையிலிருந்து எங்கள் தொகுதி வீடுகளுக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் பெருந்தெரு எங்கள் புருசெத் பகுதிக்குக் கீழாலேதானே போகிறது, அதுதான். அமெரிக்க ஜனாதிபதி ஒஸ்லோவுக்கு வந்திருக்கிறார், சமாதானப் பரிசு வாங்க. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சத்தம் கேட்டால் முதலில் என் கால்தான் ஓடப் பார்க்கிறது. புத்தி ஆறுதலாகப் பின்னால் வருகிறது. மூன்று தரம் தேத்தண்ணி போட்டுவிட்டேன். மூன்றும் ஆறிப்போய்க் கிடக்கின்றன.

நீ இருந்திருந்தால் இதற்குள் நாலு தரம் தொலைபேசி எடுத்திருப்பாய். உன்ட மனுசன் வந்திட்டானாம் புள்ள, கோழிக்கறி வெச்சியா என்று கேட்டுவிட்டு நீயே சிரித்திருப்பாய். எனக்குக் கோபம் வந்திருக்கும். இன்றைக்கு அந்தக் கோபத்துக்கும் வழியில்லை.

குசினி மேசையில், தேத்தண்ணி சிந்தாத தூரத்தில், உன் தாள் கிடக்கிறது. ஒரு வெள்ளைத் தாள். அடியில், வலப்பக்கத்தில், நீலப் பேனையால் தமிழில் உன் கையெழுத்து. கடைசி எழுத்து கோணிக் கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. மேலே நான் எழுதவேண்டும் என்று சொல்லித்தான் தந்தாய். தந்து இரண்டு மாதம். நீ போய் ஏழு கிழமை. இன்னும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

நம்முடைய முதல் கடிதம் பாட்ஸ்பியோர்ட்டில். அந்த வடக்குக் கரையில், மீன் தொழிற்சாலையில், பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். நீ மட்டக்களப்பு, நான் பருத்தித்துறை. முதல் கிழமை நீ கதைத்த தமிழில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. நான் ஏதாவது ஒரு கதையைச் சொல்லி முடித்தால் “மறுகா?” என்பாய். பிறகு என்ன என்று கேட்கிறாய் என்று விளங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கதை முடிந்துவிட்டது என்று சொன்னாலும் விடமாட்டாய். முடிஞ்சுது சரி, மறுகா?

உன் தம்பிக்கு அப்போது பதினாறு வயது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, நீதான் வளர்த்தாய். ஒரு ஆள் நாட்டைவிட்டு வெளிக்கிடத்தான் உன்னிடம் வழி இருந்தது. அவனைக் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாய். இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டாய். இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் இருந்து, இந்த நாட்டு ஜனாதிபதிக்கு நேரே எழுதுவோம் என்றாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. நாம் விட்டு வந்த நாட்டில் எல்லாம் செய்யக்கூடிய ஆள் யார் என்றால் ஜனாதிபதிதானே. நான் தமிழுக்கு ஆங்கிலம் பார்த்து, ஆங்கிலத்திலிருந்து நோர்வே அகராதிக்குத் தாவி, ‘நோர்வேயின் பிரெசிடெண்ட் அவர்களுக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சுவரில் அரசரின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்துதான் எழுதினோம். இந்த நாட்டில் ஜனாதிபதியே இல்லை என்று நம் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் பிரெசிடெண்ட் இருந்தார், அதுதான் பகிடி. பாராளுமன்றக் கூட்டத்தை நடத்துகிற சபாநாயகரை இங்கே அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதத்தில் மரியாதையான பதில் ஒன்று வந்தது. தன்னுடைய பொறுப்பு கூட்டங்களை நடத்துவது மட்டும்தான், விசா விடயத்தில் தனக்கு அதிகாரம் கிடையாது, வருந்துகிறேன். மேற்பார்வையாளர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட, மீன் வெட்டும் வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு முகம் கொதித்தது, காது வரைக்கும். நீ அழப்போகிறாய் என்று பார்த்தேன். நீயோ ஈரக் கையுறையோடு அந்தக் கடிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தாய்.

“அப்ப இவர் சுத்தியல் தட்டுற ஆள். மறுகா?” என்றாய்.

அந்தச் சிரிப்பை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்பு ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒஸ்லோவுக்கு வந்தபின் நீ ஹொல்ம்லியாவில், நான் இங்கே. நீ முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்தாய். நான் மொழிபெயர்க்கப் போனேன், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று. எங்கள் வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. ஒருவர் நீதிபதிக்கு முன்னால் மடைத்தனமாக ஒன்றைச் சொன்னாலும் அந்த மடைத்தனத்தை அப்படியே நோர்வே மொழியில் வைக்கவேண்டும். பதினைந்து வருடமாக அதைப் பிசகாமல் செய்தவள் என்று எனக்குப் பெருமை வேறு.

போன வருடம் அமெரிக்காவில் தேர்தல் வந்தபோது, அந்த நாட்டு ஜனாதிபதிப் பதவியைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்து, நீ புட்டு அவிக்க, நான் அளந்துகொட்டினேன். அதற்குப் பிறகுதான் தேர்தலில் வென்றவர் உன் வாயில் ‘உன்ட மனுசன்’ ஆனார்.

இங்கே அரசர் ஒருவர், பிரதமர் ஒருவர். அங்கே இரண்டு வேலையும் ஒரே ஆளின் தலையில் என்றேன். விருந்துக்கும் அவர்தான், அலுவலுக்கும் அவர்தான். முப்படைக்கும் அவர்தான் தளபதி. உன் முகம் மலர்ந்தது. ஆனால் போர் தொடுப்பதாக அறிவிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்குத்தான், படைக்குச் செலவழிக்கச் சம்மதிப்பதும் அவர்கள்தான் என்றேன். மறுகா என்றாய். அவர்கள் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பலாம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பேர் மறுபடி கை தூக்கினால் அவரை மீறியும் அது சட்டமாகும். மறுகா? தூதுவரையும் பெரிய நீதிபதியையும் அவர் சொல்லலாம், மேற்சபை சம்மதிக்கவேண்டும். வேறு நாட்டோடு ஒப்பந்தம் செய்தாலும் அப்படித்தான். நாலு வருடம், இன்னொரு நாலு வருடம், அதோடு சரி. நடுவிலே பிழை செய்தால் விசாரித்து இறக்கலாம்.

ஒருத்தரையும் கேளாமல் தன்பாட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்று கேட்டாய். இருக்கிறது, மன்னிப்பு என்றேன். அவர்களுடைய மத்திய சட்டத்தின் கீழ் குற்றவாளியான ஒருவரை அவர் தனி ஆளாக மன்னிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு வான்கோழிக்கும் மன்னிப்புக் கொடுத்து வெட்டாமல் விடுவார், அது ஒரு சடங்கு. நீ புட்டுக்குழலைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் மாடியில் இருந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருநாள் தேங்காய் கேட்டு வந்தவள் இந்தக் கதைக்குள் மாட்டினாள். குடியரசுத் தலைவருக்காங்க இவ்வளவு சண்டை, எங்க ஊர்ல அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுச் சும்மா இருப்பாரே என்றாள். நாட்டுக்கு நாடு ஒரே பெயரில் எத்தனை விதமான ஆட்கள் என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். என்றாலும் உன் மனம் மாறவில்லை. நோர்வேக்காரர் சுத்தியல் தட்டுறார், இந்தியாக்காரர் சும்மா இருக்கிறார், அமெரிக்காவில் இருக்கிறவர்தான் அசல் என்றாய். நான் படித்துப் படித்துச் சொன்ன அத்தனை ‘ஆனால்’களும் உன் காதில் ஏறவேயில்லை என்று நினைத்தேன். ஏறித்தான் இருந்தது. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

இந்த வருடம் தொடங்கியதும் வன்னியில் போர் எல்லாப் பக்கத்தாலும் நெருங்கியது. கிளிநொச்சியில் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த உன் தம்பி சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். பெப்ரவரியில் கடைசியாக ஒருமுறை கதைத்தான். லைன் அறுந்தது. அடுத்த நாளே நீ இங்கே வந்தாய், செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்த மேசையில் குந்தினாய். அமெரிக்க ஜனாதிபதிக்கு எழுது, ஒரு பிரதியை நோர்வே மொழியில் இங்கே இருக்கிற பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் அனுப்பு என்றாய். உன் மகளைக் கொண்டு எழுதுவிக்கலாமே என்றேன். பிள்ளைக்கு இது வேண்டாம், அழுவாள் என்றாய்.

நீ சொல்ல நான் எழுதினேன். தம்பியின் பெயர், வயது, கடைசியாக நின்ற இடம். அதன்பின் நீ சொன்னவை மூன்றே மூன்று வசனம்.

“நீங்க ஜனாதிபதி. நீங்க சொன்னா நிக்கும். இண்டைக்கே சொல்லுங்க.”

ஓம் என்று தலையாட்டினேன். நீ போனபின் ஆங்கிலத்தில் எழுத இருந்தபோது, அந்த மூன்று வசனமும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒருவர் இதைப் பிரித்து வாசிப்பார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார், சிரிப்பார்கள். மீன் தொழிற்சாலையில் சிரித்ததுபோல. விபரம் தெரிந்தவர்கள் எழுதியது என்று இருக்கவேண்டாமா? நான் அந்த மூன்றையும் எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘ஜனாதிபதியாகிய தங்களாலும் இதைத் தனியே நிறுத்திவிட முடியாது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் தங்கள் செல்வாக்கைப் பயன்படுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’ நோர்வேப் பிரதியிலும் அதே. எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்கு உன் மகள் துரொண்ட்ஹைமிலிருந்து வந்திருந்தாள். அந்த நோர்வே உறுப்பினரிடமிருந்து பதில் வந்திருக்கிறது, நீயும் வா என்று கூப்பிட்டாய். உன் குசினியில் நாம் இரண்டு பேரும் இருக்க, மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். உங்கள் துயரத்தை உணர்கிறேன் என்று இருந்தது. அடுத்தது, ‘நீங்களே எழுதியிருப்பதுபோல, அமெரிக்க ஜனாதிபதியாலும் இதைத் தனியே நிறுத்த முடியாது.’

திரும்ப வாசி என்றாய். வாசித்தாள். நான் எங்க அப்படிச் சொன்னேன் என்று மகளைக் கேட்டாய். அவளுக்கு என்ன தெரியும்? அவள் என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. பாராளுமன்றம், மேற்சபை, வேற்று நாட்டு விவகாரம் என்று மறுபடி அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். நீ கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அவருக்கு ஏலா எண்டு எனக்குத் தெரியாதா? நீதானே ஞாயிறு ஞாயிறா வந்து சொன்ன. ஏலா எண்டா அத அவர் சொல்லட்டும். என்ட வாயால ஏன் சொன்ன?”

வான்கோழிக்கு மன்னிப்புக் கேட்கவும் ஒரு ஆள் இருந்திருக்கும், என்ட தம்பிக்குக் கேட்க வந்தவள் சாக்குப்போக்கை அவர்களின் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று மகளிடம் சொன்னாய், நான் அங்கே இல்லாததுபோல. அப்படிச் சொல்லிக்கொண்டே எனக்குச் சோறும் போட்டாய். சாப்பிட்டேன். ரயில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மே மாதம் போர் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் அவன் இல்லை. செத்தவர்கள் என்று சொல்லப்பட்ட பெயர்களிலும் இல்லை. நகரத்துக் கூட்டங்களில் உன்னைத் தூரத்தில் கண்டேன். நீ என்னைக் கண்டும் காணாமல் நின்றாய். எத்தனை தரம் தொலைபேசியைத் தூக்கி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு செப்டெம்பரில் உன் மகள் எடுத்தாள், அன்ரி, அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோயாம், பரவிவிட்டதாம் என்று.

ஒக்டோபரில் நான் உன் கட்டிலடிக்கு வந்தபோது தாதி என்னை மொழிபெயர்க்க வந்தவள் என்று நினைத்து உள்ளே விட்டாள். அதற்கு நீ சிரித்தாய். ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்னரே தாதியிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கித் தரச் சொன்னாய். என் பேனையை வாங்கி, அடியில் கையெழுத்து வைத்தாய். கடிதத்தைத் திருத்தி எழுது, நான் சொன்னபடி எழுது என்றாய்.

எல்லாம் முடிஞ்சுதே, இனி ஆருக்கு எழுதி என்ன என்று கேட்டேன். மடைச்சி நான்.

“முடிஞ்சுது. மறுகா?” என்றாய்.

கையெழுத்து வைத்த வெற்றுத் தாள், அதுவும் என் கையில். உன் சொல்லை மாற்றியவளிடமே கொடுத்தாய். நீ வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தாய் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமையில் நீ போய்விட்டாய். ஒவ்வொரு நாளும் தாளை எடுப்பேன், வைப்பேன். இறந்தவளின் பெயரில், முடிந்துபோன போரை நிறுத்தச் சொல்லி எப்படி எழுதுவது? விசர் என்றல்லவா நினைப்பார்கள்? பார், இன்னும் அதே பயம், யாரோ சிரிப்பார்கள் என்று.

உனக்கு எழுதிக்கொண்டிருந்த இதை இந்த இடத்தில் விட்டுவிட்டு எழும்பிப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மத்திய நிலையத்தில் இறங்கி நடந்தால் தெருவுக்குத் தெரு தடுப்பு, பொலிஸ், நாய்கள். பின்னேரமே இருட்டிவிட்டது. அவர் தங்கியிருந்த ஹொட்டலுக்கு முன்னால் சனம் பந்தம் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் பின்னால் நுனிக்காலில் நின்றேன். மேல்மாடி விறாந்தைக்கு அவர் வந்தார், மனைவியோடு. முன்னால் ஒரு பெரிய தடித்த கண்ணாடி. கொஞ்ச நேரம் கையசைத்தார். எங்கள் சத்தம் அவருக்குக் கேட்டதோ தெரியாது. இந்தக் கண்ணாடியை எடுங்கோ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்குமா என்று யோசித்தேன். அந்தத் தடித்த புத்தகத்தில் அது இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் அவருக்காகப் பாவம் பார்ப்பது என் வேலை இல்லை என்று நீ என் தோளில் இடித்ததுபோலவும் இருந்தது.

வந்த சூட்டோடு எழுதினேன். குளிர்ச் சட்டையைக் கழற்றவில்லை. தம்பியின் பெயர், வயது, கடைசியாக நின்ற இடம். பிறகு நீ சொன்ன மூன்று வசனம், சொன்னபடியே ஆங்கிலத்தில். நீங்கள் ஜனாதிபதி. நீங்கள் சொன்னால் நிற்கும். இன்றைக்கே சொல்லுங்கள். இதைச் சொன்னவர் இப்போது உயிரோடு இல்லை என்று ஒரு வரி சேர்க்கக் கை துடித்தது. அது நீ சொன்னது இல்லை. சேர்க்கவில்லை. என் எழுத்து முடிந்த இடத்துக்கும் உன் கையெழுத்துக்கும் நடுவில் நிறைய வெள்ளை மிஞ்சிக் கிடந்தது, அதை அப்படியே விட்டேன்.

இப்போது இதை எழுதுவது அடுத்த நாள். காலையில் கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் கொடுத்தேன். அங்கே நின்ற பெண் விலாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவர் நேற்று இங்கேதானே நின்றார், கையிலேயே கொடுத்திருக்கலாமே என்றாள். சிரித்தாள்தான். எனக்கு முகம் கொதிக்கவில்லை. ஓம், நேற்றுக் கண்டனான், என்றாலும் முத்திரையைக் குத்துங்கோ என்றேன். அனுப்புகிறவர் பெயர் என்ன என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன்.

வெளியே வந்தால் வானம் சும்மா கிடந்தது, ஒரு சத்தமும் இல்லை. உனக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது, அனுப்பிவிட்டேன் என்று. நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அதனால் நின்ற இடத்திலேயே உன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். காணாமல்போன ஆட்களைத் தேடிக் கொடுக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது, மாமாவின் பெயரைப் பதியவேண்டும், செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன், பிள்ளை நீ சொல்வதை ஒரு சொல் மாறாமல் அவர்களுக்குச் சொல்லலாம் என்றேன். நோர்வே மொழியில் அவள் என்னைவிடத் திறம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர்களிடமும் ஒரு விபரமும் இல்லையென்றால் என்ன செய்வது என்று, அவளுக்குச் சொல்வதா எனக்கே சொல்வதா தெரியாமல், நான் முணுமுணுத்தேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். இந்த நாட்டில் பிறந்து, மட்டக்களப்பை ஒருநாளும் காணாத பிள்ளை, அப்படியே உன் குரலில் கேட்டாள்.

“இல்லையெண்டா இல்ல அன்ரி. மறுகா?”